பத்துக்கு ரெண்டு

என் கணவரின் முதுகு போனதற்குக் காரணம் பொன்னி அரிசி. டெக்சஸ் மாநிலத்துச் சுகர் லேண்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து இந்தியக் கடையில் தள்ளுபடி போட்டிருந்தார்கள். ஒரு மூட்டை போதும் என்றேன். ஊரே வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போகும்போது நாம் மட்டும் ஒன்றோடு திரும்பினால் என்ன மரியாதை என்று இரண்டு வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? காரிலிருந்து இரண்டையும் ஒரே தூக்கில் தூக்கினார். பிறகு கராஜ் தரையில் மெல்ல உட்கார்ந்து, முகமெல்லாம் வியர்த்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார்.

மனுஷருக்கு வலி என்று வந்துவிட்டால் இந்த ஒரு வார்த்தைதான். பல் பிடுங்கினாலும் ஒண்ணுமில்ல, கார் கதவில் விரல் நசுங்கினாலும் ஒண்ணுமில்ல. கோபிச்செட்டிபாளையம் பக்கத்து ஆம்பிளைகளுக்கு வலியை வெளியே சொல்வது வேட்டி அவிழ்ந்து நடுத்தெருவில் நிற்பதைப் போல. நானும் அந்தப் பக்கத்துக்காரிதான், எனக்குத் தெரியாதா?

இரண்டு மாதம் ஒண்ணுமில்லாமல் இருந்தபின் ஆபரேஷன் ஆனது. முதுகுத்தண்டில் பிதுங்கியிருந்த டிஸ்க்கைச் சரி செய்த டாக்டரம்மா கெட்டிக்காரி. வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று ஓபியாய்டு, அதாவது அபினி வம்சத்து மாத்திரை. "தாங்கவே முடியாவிட்டால் மட்டும், அதுவும் சில நாள்தான்" என்று விரலை ஆட்டிச் சொன்னார். இன்னொன்று புதிதாக வந்திருக்கும் வலி மாத்திரை, போதை இல்லாதது, பழகிப்போகும் பயம் இல்லாதது. "இதுதான் முக்கியம், இதை வேளை தவறாமல் கொடுங்கள்" என்றார். கூடவே பிசியோதெரபிக்கும் எழுதினார்.

நாங்கள் ஆஸ்பத்திரி பார்க்கிங்கை விட்டு வெளியே வருவதற்குள் மருந்துக்கடையிலிருந்து ஃபோனில் மெசேஜ் வந்துவிட்டது. உங்கள் மருந்து தயார்! எது தயார் என்று கேட்கிறீர்களா? அபினி வம்சம்தான். இன்ஷூரன்ஸ் ஒரு கேள்வி கேட்கவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறை. போதை இல்லாத மாத்திரைக்குத்தான் முன் அனுமதி வேண்டுமாம், அதற்கு டாக்டர் ஃபாரம் அனுப்ப வேண்டுமாம், அதை அவர்கள் பரிசீலிக்க வேண்டுமாம். பிசியோதெரபிக்கு அதற்கு மேல் பரிசீலனை.

நான் வீட்டிலிருந்தபடி சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். ஒரு காதில் ஆபீஸ் மீட்டிங், இன்னொரு காதில் இன்ஷூரன்ஸ்காரர்களின் காத்திருப்பு இசை என்று அந்த மாதம் முழுவதும் ஓடியது. கடைசியில் ஒரு பெண் லைனில் வந்தாள். தேன் ஒழுகும் குரல்.

"ஐ டோட்டலி அண்டர்ஸ்டேண்ட், மேம்" என்றாள். அவள் புரிந்துகொண்டது என்னவென்றால், எங்கள் திட்டத்தில் படி முறை இருக்கிறது. முதல் படியில் விலை குறைந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டும். அதில் நோயாளி தோற்க வேண்டும், அதாவது வலி அடங்கக்கூடாது. தோற்றதை டாக்டர் எழுத வேண்டும். அப்புறம்தான் அடுத்த படி.

"முதல் படி மாத்திரை எது?" என்று கேட்டேன்.

அபினி வம்சம்தான்.

"எவ்வளவு நாள் சாப்பிட்டால் தோற்றதாகக் கணக்கு?"

"அது டாக்டர் எழுதும் குறிப்பைப் பொறுத்தது, மேம். இன்றைக்கு வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

இந்த உதவியே போதும் தாயே என்று வைத்துவிட்டேன்.

டாக்டரம்மா என்ன செய்வார் பாவம்? அனுமதி வரும்வரை வலியில் துடிக்கவா விட முடியும்? ஒரு வாரத்துக்கு அபினி வம்சத்தையே எழுதினார். அனுமதி வரவில்லை. இன்னொரு வாரத்துக்கு எழுதினார். ஒவ்வொரு முறையும் மருந்துக்கடை சிரித்த முகத்தோடு கொடுத்தது.

இதற்கிடையில் டாக்டர் ஆபீஸிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை நர்ஸ் கூப்பிடுவாள். வலி எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை என்று கேட்பாள். என் கணவர் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஃபோனோடு, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும் குரலில், "டூ. ஐ ஆம் வெரி ஃபைன், தேங்க்யூ. ஹவ் ஆர் யூ?" என்பார். ஃபோனை வைத்ததும் "அம்மா" என்று முனகுவார்.

"ஏனுங்க, ரெண்டா இது? ரெண்டுக்கா இப்படி முனகறீங்க?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரு புள்ள. அந்தப் பொண்ணு எதைச் சொன்னாலும் டைப் பண்ணிக்கறா. எல்லாம் ரெக்கார்டு."

"ரெக்கார்டு ஆனா என்ன?"

"என்னவா? பதினாலு வருஷம். பதினாலு வருஷமா க்ரீன் கார்டுக்கு லைன்ல நிக்கறோம். இப்பத்தான் நம்ம தேதி கிட்டக்க வருது. மெடிக்கல் எக்ஸாம் வெப்பான். அதுல போதை மாத்திரை, வலி, வேலைக்கு லாயக்கில்லைன்னு எவனாவது எழுதி வெச்சா? ரெண்டுன்னு சொன்னா அவளுக்கும் சந்தோசம், நமக்கும் நிம்மதி."

இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கு எல்லாமே அந்த அட்டையில்தான் போய் முடியும். ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினால் அட்டை போய்விடும், பக்கத்து வீட்டுக்காரனோடு வேலித் தகராறு வந்தால் அட்டை போய்விடும். இப்போது முதுகு வலித்தாலும் போய்விடுமாம். ஆனால் ஆபரேஷன் செய்தவர்களிடமே ஆபரேஷன் வலிக்கவில்லை என்று சாதிக்கும் சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்?

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. நான்கு பக்கம். முதல் மூன்று பக்கங்கள் எங்கள் ஆரோக்கியத்தின் மீது அவர்களுக்கு உள்ள அக்கறை. நான்காவது பக்கத்தில் விஷயம். நோயாளியின் வலி பத்துக்கு இரண்டு என்ற அளவில் தொடர்ந்து பதிவாகியுள்ளது. தற்போதைய மருந்து சிறப்பாகப் பலனளிக்கிறது. முதல் படியில் தோல்வி இல்லை. ஆகவே வேறு மருந்து தேவையில்லை, மறுக்கப்படுகிறது.

கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். "சிறப்பாகப் பலனளிக்கிறதுன்னு நல்லாத்தானே எழுதியிருக்கான்" என்றார். கோயம்புத்தூர் காலேஜில் தங்க மெடல் வாங்கியவர். எதிலும் ஃபெயில் ஆகாதவர். அபினியிலும் டிஸ்டிங்ஷன்.

அந்த வாரத்தில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். மனிதர் அன்பாக மாறிக்கொண்டிருந்தார். கல்யாணமான இருபது வருஷத்தில் என் சாம்பாரில் அவர் குறை காணாத நாள் கிடையாது. உப்பு கம்மி, புளி தூக்கல், பருப்பு வேகவில்லை என்று ஏதாவது ஒன்று. அந்த வாரம் கண்ணை மூடி ருசித்துவிட்டு, "சாம்பார்னா இதுதான் சாம்பார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். அதற்கும் அதே பாராட்டு. மகளின் தலையைத் தடவினார். டிவியில் மளிகைக்கடை விளம்பரம் பார்த்துக் கண் கலங்கினார்.

எங்கள் மகளுக்குப் பதினாறு வயது. தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். சமையலறைக்கு வந்து மெதுவான குரலில், "அம்மா, அப்பா இஸ் பீயிங் வியர்ட். ஹீ இஸ் நைஸ்" என்றாள். பள்ளிக்கூடத்தில் இந்த மாத்திரைகளைப் பற்றிக் கூட்டம் வைத்துச் சொல்லியிருக்கிறார்களாம். முதலில் ஆள் இனிப்பாகத்தான் இருப்பாராம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவர் கடிகாரம் பார்ப்பது என் கண்ணில் பட ஆரம்பித்தது. ஆறு மணி மாத்திரைக்கு நாலரையிலிருந்தே பார்வை அங்கே போகும். "வலிக்குதுங்களா?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். வலியே இல்லாதவருக்கு மாத்திரை எதற்கு? அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த ஊரில் எத்தனை குடும்பங்களில் இது முதுகுவலியில் தொடங்கியது என்று செய்தியில் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் யாரோ என்று நினைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் அங்கிள் நலம் விசாரிக்க வந்தார். ரிட்டயர் ஆன எஞ்சினியர், வயது அறுபத்தெட்டு. அவருக்கும் அந்தச் சமயத்தில்தான் முழங்காலில் ஆபரேஷன். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். தொடையில் சின்னக் குழாய் வைத்து, மரத்துப்போகும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் ஒரு உருண்டையை இடுப்பில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். போதை மாத்திரை ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல நடந்து வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, உனக்குத் தெரியாதா? இந்த மாதிரி போதையில்லாத வைத்தியத்துக்குத் தனியாப் பணம் கொடுக்கணும்னு கவர்ன்மென்ட்டே சட்டம் போட்டிருக்கு. எனக்கு எல்லாம் கவர் ஆயிருச்சு. நீ சட்டம் பேசு, விடாதே!"

எனக்கு உயிர் வந்தது. காபியைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு ஃபோனை எடுத்தேன். இந்த முறை வந்தது ஒரு ஆண் குரல், அதே தேன். சட்டம் என்றேன். ஆமாம் மேம், அது அரசாங்க இன்ஷூரன்ஸான மெடிகேரில் இருப்பவர்களுக்கு என்றான். அதாவது, சில பேரைத் தவிர்த்தால், அறுபத்தைந்து வயது ஆனவர்களுக்கு. என் கணவருக்கு நாற்பத்தொன்பது. இன்னும் பதினாறு வருஷம் வலியை ஒத்திப்போட்டால் சட்டப்படி அவருக்கு நிவாரணம் உண்டு.

நான் விடவில்லை. மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் வருகிறதே, போதை மாத்திரையைவிட மற்றதற்கு அதிகக் கட்டுப்பாடு போடக்கூடாது என்று சில இடங்களில் வந்துவிட்டதாமே என்றேன். ஆபீஸ் வேலைக்கு நடுவே அத்தனையும் படித்து வைத்திருந்தேன்.

"கிரேட் கொஸ்டின், மேம்" என்றான். உங்கள் திட்டத்தில் பணம் கொடுப்பது உங்கள் கணவரின் கம்பெனி. நாங்கள் வெறும் நிர்வாகம். கம்பெனியே பணம் போடும் திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. டெக்சஸில் சட்டம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, உங்களுக்கு ஒன்றுதான்.

ஆக, ஊருக்கெல்லாம் மழை பெய்யும். எங்கள் வீட்டுக் கூரைக்கு மட்டும் அது பொருந்தாது. சட்டம் போட்ட புண்ணியவான்களைக் குறை சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் போட்டிருக்கிறார்கள். யாருக்குப் பொருந்தும் என்ற இடத்தில் மட்டும் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மாவே என்னைக் கூப்பிட்டுப் பேசினார். ஒரு வழி இருக்கிறது, நான் இன்ஷூரன்ஸ் டாக்டரோடு நேரில் பேசி வாதாடுகிறேன், ஆனால் என் ரெக்கார்டில் ஒவ்வொரு வாரமும் இரண்டு, இரண்டு, இரண்டு என்று இருக்கிறது, உங்கள் கணவர் வந்து உண்மையைச் சொன்னால்தான் என்னால் எழுத முடியும் என்றார்.

வீட்டில் அன்றைக்கு நடந்த சண்டை எங்கள் கல்யாண வரலாற்றில் முதல் மூன்றுக்குள் வரும்.

"ஃபெயில்னு எழுத வெக்கச் சொல்றயா? என் பேருக்கு நேரா? மாத்திரைக்கு அடிமைன்னு கவர்ன்மென்ட்டு படிக்கட்டும்கறயா?"

"இல்லாததையா எழுதச் சொல்றேன்? டாக்டர்கிட்ட வலிக்குதுன்னு சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல!" என்று மேஜையைத் தட்டினார். தட்டிய வேகத்தில் முதுகு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் போய்ப் பிடிக்கவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அந்தச் சனிக்கிழமை மகளை வயலின் வகுப்புக்கு அழைத்துப் போகிறேன் என்று கிளம்பினார். மாத்திரை போட்டால் வண்டி ஓட்டக்கூடாது. போட்டீர்களா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். மகள் மேல் சத்தியம் செய்யாத குறை. நம்பினேன். அரை மணி நேரத்தில் மகள் ஃபோன் செய்தாள். அழுகையில் எந்த மொழியும் சரியாக வரவில்லை. ஃப்ரீவேயில் அவர் கண் சொருகிவிட்டது. கார் பக்கத்து லேனுக்குள் போயிருக்கிறது. லாரிக்காரன் ஹாரன் அடிக்க, இவள் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்திருக்கிறாள். யாருக்கும் அடி இல்லை. ஓரமாக நிறுத்தியிருக்கிறார்கள். "அம்மா, வா" என்றாள். பத்து வருஷத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் முழுசாகச் சொன்ன தமிழ் அதுதான்.

அங்கிளின் காரில் ஓடினேன். என் கணவர் டிரைவர் சீட்டில் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கார் சாவியை மட்டும் பிடுங்கிக்கொண்டேன். மகளைக் கட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று அழுதேன். பக்கத்தில் லாரிகள் பறந்துகொண்டிருந்தன.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனோம். நர்ஸ் வந்தாள், ரத்தக் கொதிப்பு பார்த்தாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பத்துக்கு எத்தனை?

"டூ" என்றார். யோசித்தெல்லாம் சொல்லவில்லை. கூப்பிட்டதும் பிரசென்ட் சார் என்று எழுந்து நிற்பது போல வாய் தானாகச் சொல்லிவிட்டது. நர்ஸ் டைப் செய்யப் போனாள்.

"நோ, எய்ட்!" என்றேன் நான். எனக்கே தெரியாமல் கத்திவிட்டேன். நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்து, அவர்தான் சொல்ல வேண்டும் மேம் என்றாள்.

அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், "முடியல புள்ள" என்றார். "வலி ஒரு பக்கம். வலி இல்லாதப்பவும் அந்த மாத்திரை வேணும்னு இருக்கு. காலைல எந்திரிச்சதுல இருந்து அதுக்காகத்தான் காத்துட்டு இருக்கேன். புள்ளைய வண்டில வெச்சுட்டு அதைப் போட்டுட்டுப் போயிருக்கேன் பாரு."

அப்புறம் நர்ஸிடம் திரும்பி, இண்டர்வியூவில் பதில் சொல்வது போல நிமிர்ந்து உட்கார்ந்து, அதையே இங்கிலீஷில் சொன்னார். எட்டு என்றார். தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். தன் வாயால் பயம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நர்ஸ் ஒவ்வொரு வார்த்தையையும் டைப் செய்தாள். அவர் தடுக்கவில்லை.

டாக்டரம்மா அன்றைக்கே சண்டை போட்டார். என்ன பேசினாரோ, நான்காம் நாள் கடிதம் வந்தது. போதையில்லாத மாத்திரைக்கு முப்பது நாள் அனுமதி. பிசியோதெரபி ஆறு தடவை. ஏழாவது தடவைக்கு முதுகு தேவைப்பட்டால் மறுபடி விண்ணப்பிக்கலாம். காரணம் என்ற இடத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: முதல் படியில் தோல்வி. ஒரு குழந்தை ஃப்ரீவேயில் ஸ்டீயரிங் இழுத்தால் அது தோல்வி, அதுவரைக்கும் சிறப்பான பலன்.

பழைய மாத்திரையை டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அந்த இரண்டு வாரங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வியர்வை, நடுக்கம், தூங்காத கண்கள். மருந்துக்கடை மட்டும் விசுவாசமாக மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தது, உங்கள் பழைய மருந்து மறுபடி தேவையா என்று. க்ரீன் கார்டு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வரிசையில் எல்லோருக்கும் போல எங்கள் தேதியும் பழையபடி பின்னால் போய்விட்டது, அதற்கும் எங்கள் முதுகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தப் பாழாய்ப்போன மூட்டையின் அரிசிதான் சோறு. சாம்பார் ஊற்றினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தார்.

"என்ன இது? உப்பு ஒறைக்கவே இல்ல. புளியும் பத்தல. கவனமெல்லாம் எங்க வெச்சுட்டு சமைக்கற?"

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் பதிலுக்கு ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். இருபது வருஷப் பழக்கம், இந்நேரம் கரண்டியை வைத்துவிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்கு எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையில்லாத டீ-ஷர்ட்டில் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதேன்.

"ஏன் புள்ள, இதுக்குப் போய் அழறயா?" என்றார் அவர் பதறிப்போய். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு."

"வேண்டாமுங்க," என்றேன். "நல்லாயில்லைன்னே சொல்லுங்க."